பல்ப், கார்ட், கோஸ்ட்

சுரண்டைக்குத் தெக்கே எங்களுக்கு மூணு ஏக்கர் புஞ்சை.
காத்தாடிக் கம்பெனி எடுத்துக்கொண்டு
முப்பத்தாறு லட்சம் கணக்கில் போட்டது.
மொத்தத்தையும் ரொக்கமாகக் கேட்டபோது
எதுக்கு என்றார் மேனேஜர்.
மகள் கல்யாணம் என்றார் எங்க வீட்டுக்காரர் உச்சிமாகாளி.
எங்களுக்கு மகள் இல்லை.

முக்கூடலில் பஸ் ஏறினோம்.
மடியில் கொள்ளாத பை.
கண்டக்டர் அதுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
ஜன்னலோரம் அவர், நடுவில் பை, ஓரத்தில் நான்.
சேரன்மகாதேவி தாண்டும் வரைக்கும்
மூணு பேரும் பேசவில்லை.

வண்ணார்பேட்டை லாட்ஜ். மாடி அறை.
விற்கிறவன் ஞானதுரை, வெள்ளைச் சட்டை, மூணு போன்.
ஒரு டாலர் காசு தொண்ணூத்திரண்டு ரூவா என்றான்.
பேப்பர்ல எம்பத்தொம்பதுன்னுல்லா போட்டிருக்கு என்றேன்.
பேப்பர் விலை பேப்பருக்கு, அக்கா.

எண்ணுகிற மிஷின் இரைந்துகொண்டே இருந்தது.
எழுபத்திரண்டு கட்டு.
பீடி சுத்துகிற கை சும்மா இருக்குமா?
நாப்பத்தோராவது கட்டில் ஒரு நோட்டு குறைந்தது.
மிஷின் அதைச் சொல்லவில்லை.
நான்தான் சொன்னேன்,
முந்தியை அவிழ்த்து என் ஐந்நூறை வைத்தேன்.

அனுப்பியாச்சு என்றான்.
வீட்டுக்காரர் போனில் ஒரு நம்பர் வந்து நின்றது,
முப்பத்தொம்பதாயிரத்துச் சொச்சம்.
வாங்கி, கையில் தூக்கிப் பார்த்தேன்.
காலையில் இருந்த கனம்தான்.

பிறகு பன்னிரண்டு சொல்.
இங்கிலீஷ் சொல், இதுதான் சாவி, எழுதி வச்சுக்கோங்க என்றான்.
அவனோடு வந்த பையன் வாசிக்க வாசிக்க
மிஷின் சத்தத்துக்குள் காதைக் கொடுத்து
பீடி பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில்
நான் படித்த எட்டாம் வகுப்புத் தமிழில் எழுதினேன்:
அங்கிள், மங்கி, ரைஸ், டொமாட்டோ...
சாவி என்றால் இரும்பு வாசம் இருக்கும்.
இது குழந்தைக்குப் படம் காட்டுகிற மாதிரி இருந்தது.

திரும்பும்போது பையை மடித்து இடுப்பில் செருகினேன்.
டிக்கெட் ரெண்டுதான்.

ஆடி மாசம்
மாட்டுத் தொட்டிக்குள் விழுந்தது போன்.
ஒரு ராத்திரி முழுக்க அரிசிக்குள் புதைத்து வைத்தும்
கண் திறக்கவில்லை.

பாப்பாக்குடியில் கடை வைத்திருக்கிற ஜெபசிங்
புதுப் போனில் ஒவ்வொரு சொல்லாக அடித்தான்.
ஆறு சொல் விறுவிறுவென்று போனது.
ஏழில் நிறுத்தினான்.
அக்கா, இது எரியுற பல்பா, பிழிஞ்ச பழமா?
பல்ப்புன்னு சொன்னான் தம்பி.
ரெண்டுமே பல்ப்தான்க்கா, நம்ம எழுத்துல.
ஒன்பதில் மறுபடி.
கார்ட்னா ரேஷன் கார்டா, மாட்டு வண்டியா?
பன்னிரண்டில்
பாஸ்புக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.
கடற்கரைன்னு சொன்னானா, பேய்னு சொன்னானா?

நான் எழுதினது கோஸ்ட்.
நாலு சத்தத்துக்கு ஒரு க வைத்த பாஷையில்
கேட்டதைக் கேட்டபடி எழுதிய பாவம்.

எட்டு வழி இருக்கு என்றான்.
பிறகு, வாசிச்சது யாருக்கா என்றான்.
அவன்கூட வந்த பையன்.
ஜெபசிங் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லாமல்
கண்ணாடியைத் துணியால் துடைத்தான்.

ஒன்று. சிவப்பில் ஒரு வரி. இல்லை.
ரெண்டு. இல்லை.
நாலாவதுக்கு வீட்டுக்காரர் வெளியே போய் நின்றார்.
ஏழாவதுக்கு
கரண்டு போய்
வந்தது.

வீட்டுக்கு வந்ததும்
இனி தப்பு வரக்கூடாது என்று
மூணு சொல்லுக்கும் கீழே படம் போட்டேன்.
ஒரு மாம்பழம், சாறு ஒழுக.
ஒரு சக்கரம்.
கடைசியில் காலில்லாத ஒரு ஆள்.

சனிக்கிழமை கூலி போடும்போது
கணக்கப்பிள்ளை பாஸ்புக்கைத் திருப்பிவிட்டார்.
இதென்ன பேராச்சி, பேயா?

மூணு ஏக்கர் புஞ்சை, அண்ணாச்சி.