பிளேன் பார்

அளம்பிலில் இருந்து நேர்கிழக்கே
இயந்திரம் போட்டால் ஒரு மணித்தியாலம்.
பன்னிரண்டு பாகத் தண்ணீர்.
அந்த இடத்தில் வலை கிழியும்.

கிழிந்ததைத் தைப்பவள் நான் என்பதால்
அந்த மனிசனை எனக்குத் தெரியும்.
யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட வருசம்
விழுந்தவர் என்பார்கள்.
இல்லை, அதற்குப் பிறகு, பழகப் பறந்தபோது என்பார்கள்.
எந்தக் கொடியின் கீழ் என்பதும் இங்கே நிச்சயமில்லை.
கண்ணிகளின் கணக்கு மட்டும் நிச்சயம்:
போன சோளகத்துக்கு முந்நூற்றுப் பதினாறு.

அட்டைக்குச் சுழியோடும் றெஜிஸ்
ஒருநாள் அடிவரைக்கும் போய் வந்தான்.
"அக்கா, இறக்கையில பிணைச்சல் இருக்கு,
எங்கட கதவுக்குப் போடுவமே, அந்த மாதிரி."
கப்பலில் இறங்குகிற பிளேனாம்.
கப்பலுக்குள் இடம் காணாதாம்;
இறங்கினதும் இறக்கையை மடித்து வைப்பார்களாம்.
இது மடியவில்லை.
விரித்தபடியே
முருகைக்கல் பிணைச்சலைக் கட்டிவிட்டது.

வட்டுவாகல் பாலத்தடியில், கம்புகளில்,
நீர்க்காகம் முழுகி எழும்பி
இறக்கை விரித்துக் காயவைக்கும்.
பஸ்ஸுக்குள் இருந்து
நான் மற்றப் பக்கம் பார்ப்பேன்.

கார்த்திகை இரண்டு, மரித்தோர் திருநாள்.
உபதேசியார் கொப்பியை விரித்தார்.
லெம்பேட்டு, தம்பி. வழமைபோல.
"வேற?"
"பிளேன்காரன்."
"வேதக்காரனோ எண்டு தெரியுமே?"
"தெரியாது. எழுதுங்கோ."
எழுதினார். பேனை
அந்தச் சொல்லில் இரண்டு தரம் நின்றது.

லெம்பேட்டு
இரண்டாயிரத்து ஒன்பது மாசியில்
மாத்தளன் கரையில் இருந்து
பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு
இருட்டுக்குள் வெளிக்கிட்டவன்.
நான் தீப்பெட்டியை எடுத்தபோது
வேண்டாம் என்று கையால் காட்டினான்.
அந்தக் கைதான்.
முகம் தெரியவில்லை.

கொழும்புப் படிவத்தில் ஒரு பெட்டி:
கடைசியாகக் கண்ட இடம்.
மூன்று தரம் 'மாத்தளன்' என்று எழுதிக் கொடுத்தேன்.
நாலாம் தரம்
றெஜிஸின் ஜிபிஎஸ்ஸைக் கேட்டு வாங்கி
பிளேன் பாரின் இலக்கங்களை
புள்ளி தவறாமல் பார்த்தெழுதினேன்.

"இது கடலுக்குள்ள எல்லோ காட்டுது, அம்மா?"
மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை கேட்டாள்.
ஓம் என்றேன்.

பொய்தான்.
ஆனால் கடலில் எனக்கு விலாசம் தெரிந்தது
அந்த ஒரு இடம்.
அங்கே இருப்பவரைக் கேட்காமல்
இன்னொருவனைக் கொண்டுபோய் விட்டது மட்டும்
கொஞ்சம் சங்கடம்.
பாஷையும் தெரியாது இரண்டு பேருக்கும்.
லெம்பேட்டு எப்படியும் கதை குடுப்பான்;
பீடி கேட்பான்.

இன்றைக்கும் வலை வந்திருக்கிறது, ஈரத்தோடு.
நடுவில் கிழிசல்,
ஓராள் கை விரித்த அகலம்.
ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டே ஏசுகிறேன்:
எண்பது வருசமாச்சு, மனிசா,
இன்னும் உமக்கு
அதை மடிச்சு வைக்கத் தெரியேல்லை.