மீன்பெட்டியின் மறைவில்

கேட்டவர்களுக்கெல்லாம் தோள் எலும்பைக் காட்டினேன்.
பொய்யில்லை.
கோப்பாய்ச் சந்தியில் மணலில் சறுக்கி விழுந்தது உண்மை,
எலும்பு முறிந்ததும் உண்மை.
ஆறு கிழமையில் அது பொருந்திவிட்டது.
மிச்சப் பதினேழு மாதத்துக்கு
என்னிடம் எக்ஸ்ரே இல்லை.

சைக்கிள் பின்னறையில் நின்றது.
கைப்பிடியில் மகளின் பள்ளிச்சட்டை காய்ந்தது.
இருக்கையில் ஒருநாள் வெங்காயப் பை இருந்தது,
பார்த்தும் எடுக்கவில்லை.

கார்த்திகை மழைக்குள் நிருத்திகா
என்னைக் கேளாமலே இருவருக்கும் பெயர் பதிந்துவிட்டாள்.
பங்குனியில் ஓட்டம்.
பூநகரி தாண்டி, மன்னார் மட்டும்.
"காசு கட்டியாச்சு அக்கா, திருப்பித் தரமாட்டினம்."
வங்கியில் நகை அடகு பிடிப்பவளுக்கு
வேறு ஊசி தேவையில்லை.

தை பிறந்து மூன்றாம் நாள்.
வயிற்றில் இன்னும் பொங்கல்.
நாலே முக்காலுக்கு எழும்பி
சங்கிலிக்கு எண்ணெய் விட்டு
இறுகிப்போன காற்சட்டைக்குள் என்னை ஒருமாதிரி அடைத்து
பண்ணைப் பாலத்தில் ஏறினேன்.

ஏறினேன் என்றா சொன்னேன்?
பறந்தேன்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்றது கைபேசி.
கால் மறக்கவில்லையடி என்று எனக்கே சொன்னேன்.
களங்கண்ணித் தடிகளில் காகங்கள் கூனிக் குந்தியிருந்தன.
அல்லைப்பிட்டியில் ஒரு நாய் துரத்தித் தோற்றது.
மண்கும்பான் மட்டும் மூச்சு வாங்கவேயில்லை.

திரும்பினபோதுதான் தெரிந்தது
அவ்வளவு நேரமும் மிதித்தது யாரென்று.

வாடை.
முகத்தில் கை வைத்துத் தள்ளியது.
பதினாலு, பதின்மூன்று,
பிறகு கைபேசியைப் பார்ப்பதை விட்டேன்.
தொடையில் யாரோ மிளகாய் அரைத்தார்கள்.
இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் தார்,
ஒதுங்க ஒரு பனை இல்லை.
இறங்கி உருட்டலாமா?
சோதனைச் சாவடிப் பொடியன் பார்ப்பானே.

அப்போது என்னைக் கடந்து போனது ஒரு மீன்பெட்டி.
பெட்டிக்கு மேல் நீலச் சாக்கு,
சாக்குக்கு முன்னால் ஒரு சாரம்,
சாரத்துக்குக் கீழே செருப்புக்கால்,
கியர் இல்லாத, பிரேக்கும் சந்தேகமான இரும்புச் சைக்கிள்.
பீடி வேறு.

வெட்கத்துக்கு நேரமில்லை.
பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.
காற்று அறுந்தது.
கவிச்சி மணம். ஐஸ்தண்ணி முழங்காலில் சொட்டியது.
அவர் திரும்பிப் பார்த்தார்.
"என்ன பிள்ளை, மீனோ?"
"இல்லை... ஓம்."
"சந்தையில வாங்கும். நிண்டா ஐஸ் கரைஞ்சிடும்."

அன்று ஒரு கிலோ சூடை வாங்கினேன்.
மறுநாளும் அதே நேரம் போனேன்.
அலாரம் எழுப்பாத என்னை
றெஜினோல்டின் ஐஸ் எழுப்பியது.
அவர் யாருக்காகவும் காத்து நிற்கமாட்டார்,
ஐந்து ஐம்பதுக்கு அல்லைப்பிட்டி வளைவு,
தவறினால் காற்று முழுக்க எனக்கு.
வீட்டில் மகள் சொன்னாள்:
"அம்மா, இனி மீன் வேண்டாம்."

நாலாம் கிழமை, வியாழன்.
வளைவில் அவர் மெதுவாக வந்தார். பீடி இல்லை.
சால்வையால் காதைச் சுற்றியிருந்தார்.
"காய்ச்சல். இண்டைக்கு நீர் முன்னுக்குப் போம்."

முன்னுக்குப் போனேன்.
என்னில் என்ன மறைவு?
பெட்டியில் பாதி அகலம்கூட இல்லை.
முழங்கைகளை விரித்தேன்,
தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினேன்,
காற்று என்னில் மோதிச் செலவாகட்டும் என்று.
வேகம் எவ்வளவென்று தெரியாது.
பெட்டி மூடி தடதடக்கும் சத்தம்
பின்னால் கேட்கிறதா என்பதே கணக்கு.
கேட்டால் மிதித்தேன்.
தேய்ந்தால் பொறுத்தேன்.
பாலத்தின் நடுவில் தோள் எலும்பு உளைந்தது.
உளையட்டும், அதுவும் வேலை செய்யட்டும்.

சந்தையில் அவர் பெட்டியை இறக்கினார்.
நன்றி என்றெல்லாம் ஒன்றுமில்லை.
விளைமீன் ஒரு கிலோ நிறுத்தார்.
ஒரு சதம் குறைக்கவில்லை.

இன்னும் முப்பத்தொன்பது நாள்.
பூநகரி வெளியில் காற்று எந்தப் பக்கம் நிற்குமோ.
சட்டைகளைக் கொடிக்கு மாற்றியாயிற்று.