4417

நான் கேற்றைத் திறந்தால்
மின்விசிறிகள் நின்றுவிடும்.
மரியாதை அல்ல.
முன்வீட்டில் யாரோ "வாறான்" என்று சொல்ல
பின்வீட்டில் ஃபிரிஜ் பிளக் கழரும்.
முப்பது நாள் ஓடிய ஓட்டத்தைக்
கடைசி மூன்று நிமிடம் மறைத்துவிடும் என்று
எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.
நானும் சொல்லிக் கெடுப்பதில்லை.

பாண்டிருப்பில் தொடங்கி
மருதமுனை தாண்டிப் பெரியநீலாவணை வரை
என் பாதை.
தோளில் பை, பைக்குள் பில் அடிக்கும் மெஷின்.
என் சைக்கிள் செயின் சத்தம்
நாய்களுக்கு மனப்பாடம்.

இந்த மாதம் ஆட்கள் நாய்களை முந்திவிட்டார்கள்.
"சட்டம் வருதாமே தம்பி?"
பாராளுமன்றத்தை நான்தான் மடித்துப்
பைக்குள் வைத்திருப்பதுபோலக் கேட்கிறார்கள்.
ரேடியோவில் சொன்னார்களாம்:
வீட்டுக் கரண்டுக்கு ஒரு சட்டமூலம்.
முதல் அறுபது யூனிட் அரைவிலை.
வசதியில்லாத கூரைகளுக்குச் சூரியத் தகடு.
பிந்திக் கட்டினால் உடனே லைன் வெட்டக் கூடாது.
"ரெண்டாம் வாசிப்பு எப்ப?" என்றார்
மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த உவைஸ் நானா.
என் அடையாள அட்டையில்
மானி வாசிப்பாளர் என்று போட்டிருக்கிறது.
எனக்குத் தெரிந்த வாசிப்பு மாதத்துக்கு ஒன்று.
அதற்கு விவாதம் இல்லை,
வாக்கெடுப்பும் இல்லை.

ஜெசீமா ராத்தா ஐஸ்பக்கெட் போடுகிறவ.
பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து
வாசலில் ரெஜிபோம் பெட்டி.
அறுபத்தோராவது யூனிட்டில்
அவவின் லாபம் உருகத் தொடங்கும்.
"அறுபதுக்குள்ள தண்ணி கட்டியாகுமா எண்டு
அவங்களக் கேளுங்க."
அவங்கள் என்று அவ கைகாட்டியது மேற்கை.
மேற்கில் முதலில் வயல்,
பிறகு யானை வேலி,
அதற்கும் அப்பால் எங்கேயோ
குளிரூட்டிய மண்டபம்.

வீட்டுத் திட்டத்தில் வாடகைக்கு இருக்கும் சுதேசன்
வேறு ஒன்று கேட்டான்:
"மீட்டர் வீட்டுக்காரன்ட பேரில.
மலிவு ஆருக்கு அண்ணன், அவனுக்கா எனக்கா?"
இலக்கத்தை எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டிக்கொண்டேன்.
எழுதி முடித்து நெடுநேரம்.

கடைசி வீடு. கடற்கரைப் பக்கம்.
4417.
போன மாதமும் 4417.
மீட்டருக்குள் எறும்பு புகுந்திருக்கும் என்று
கண்ணாடியைத் தட்டினேன்.
"அது நல்லாத்தான் இரிக்கு தம்பி.
நான்தான் மெயினை இறக்கிட்டன்."
தவநேசம் அக்கா.
அரிசி மில்லில் வேலை நின்ற கிழமை இறக்கினாவாம்.
ஃபோனுக்குப் பக்கத்து வீட்டில் சார்ஜ்.
"இருட்டிப் போனா படுக்கிறதுதானே, மறுகா என்ன?"

மெஷின் விடவில்லை.
பூச்சிய யூனிட்டுக்கும்
முனகிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது:
நிலையான கட்டணம்.
வயர் வந்து நிற்பதற்கு.

சட்டமூலத்தின் சுருக்கத்தைப்
பேப்பரில் இரண்டு தரம் படித்திருக்கிறேன்.
யூனிட் யூனிட் என்றுதான் ஞாபகம்.
எரிப்பவர்களுக்கு விலை குறையும்.
அணைத்துவிட்டவருக்கு எதைக் குறைப்பார்கள்?
அந்தப் பிரிவு நான் பாணைச் சுற்றிய
பக்கத்தில் இருந்திருக்கலாம்.

"சட்டம் வந்தா இது இல்லாமப் போகுமா?"
"தெரியா அக்கா."
"நல்லது" என்றா.
"மத்த எல்லாரும் தெரியும் எண்டுதான் சொன்ன."

தண்ணி கேட்டேன்.
மோட்டார் வாயை மூடிக் கிடந்தது.
வாளி இறங்கித் தண்ணீரில் விழும் சத்தம்
வர நேரம் எடுத்தது,
கச்சானுக்கு இந்த வருசம் கிணறு இறங்கிவிட்டது.
குடித்தேன். சேர்ட் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அக்கா வாசற்படியில் இருந்து
நான் கொடுத்த பில்லை நாலாய் மடித்து
முகத்துக்கு விசுக்கினா,
பிறகு என்னைப் பார்த்துக்
கையைச் சற்றுத் திருப்பி
கொஞ்சம் இந்தப் பக்கமும்.