விகுதி

வறுவேல் கூண்டேறி
மலையாளத்தில் சொன்னது இவ்வளவுதான்:
ஒராள் வந்நு. ஷீற்று எடுத்து. போயி.

பாறசாலைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்.
புகைக்கூடத்து வாசல், விடிகாலை மூன்று மணி, மழை.
வெளிச்சம் என்று இருந்தது
அவர் கையிலிருந்த பீடி.
அந்த மூன்று வினையிலும்
மீசையும் இல்லை, கம்மலும் இல்லை.

குழித்துறை கோர்ட்டில்
அதைத் தமிழாக்க எனக்கு நாளுக்கு நானூறு.
'வந்த்' வரைக்கும் வந்துவிட்டேன்.
அதற்குமேல் தமிழ் விடமாட்டேன் என்கிறது.
ஆனா, ஆளா, அதுவா
சொல்லிவிட்டுப் போ என்று
களியக்காவிளை செக்போஸ்ட் மாதிரி
கம்பை இறக்குகிறது.

எதிரே ஜெபா.
குற்றப்பத்திரிகையில் ஜெபசிங், வயது இருபத்தாறு.
பெயரின் பின்பாதியை எப்போதோ
தானே கழற்றி வைத்தாயிற்று.
ஸ்டேஷனில் ராத்திரி முழுக்க
'நிக்குது பாரு, அழுவுது பாரு.'

ஹைஃபாவில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும்
என் தங்கை சுனிஜா
போன வாரம் குரல் அனுப்பியிருந்தாள்:
இங்க எபிரேயத்துல நான் வாறேன்ணு சொல்லவே
ஆணா பொண்ணாணு முடிவு பண்ணணும் மக்கா.
கெழவிக்க பேரப்பிள்ள
ரெண்டு விகுதியையும் சேத்து எழுதி
நடுவுல ஒரு புள்ளி வைக்கும்.
கெழவி ஏசும்.
பிள்ள திரும்பவும் புள்ளி வைக்கும்.

நமக்கு 'நான்' மிச்சம் இருக்கிறது.
வந்தேன். எடுத்தேன். போனேன்.
யாரும் எட்டிப் பார்க்க முடியாத அறை.
ஆனால் ஜெபா அதற்குள் நுழைந்தால்
அதன் பெயர் ஒப்புதல் வாக்குமூலம்.

ஒருவர் வந்தார், என்றேன்.
ரப்பர் ஷீட் எடுத்தார். போனார்.

தட்டச்சு நின்றது.
ஸ்டெல்லா பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து:
களவாணிக்கு என்னத்துக்கு 'ர்'?
பின்பெஞ்சில் சிரிப்பு. நீதிபதிக்கும் கொஞ்சம்.

சாட்சி சொல்லாததை
நான் சேர்க்க முடியாதுங்கய்யா.

மரியாதையை மட்டும் சேர்க்கலாமோ,
என்றார் அரசு வக்கீல்.

நியாயம்தான்.
வறுவேல் அதையும் சொல்லவில்லை.

ஸ்டெல்லா பாய் ஒரு விசையைத் தட்ட
'ர்' போயிற்று.
அடுத்து எதைத் தட்டுவது என்று
அவர் நீதிபதியைப் பார்க்க,
நீதிபதி கடிகாரத்தைப் பார்க்க,
திரையில் கொஞ்ச நேரம்
'வந்தா' என்று நின்றது.

எங்கள் பேச்சில் அது பெண்.
வேறொரு மூச்சில், வந்தால்.

கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஜெபா அதை வாசித்ததைப் பார்த்தேன்.
வழக்கு பதினேழாம் தேதிக்கு.