கல்லாவுக்கு இந்தப் பக்கம்

க்ரிம்ஸ்பியில் வெள்ளிக்கிழமை என்பது
ஒரு வாசனை.
ஐந்து மணிக்கே தெருமுனை தாண்டி வரிசை நிற்கும்.
பையைக் கழற்றி உருளைக்கிழங்கு மூட்டைமேல் எறிந்துவிட்டு
ஏப்ரன் கயிற்றை இரண்டு சுற்று சுற்றிக் கட்டுவேன்.
பாக்கெட்டில் கையகல நோட்டு,
வினிகர் சொட்டிய பக்கங்களோடு.

சிக்ஸ்த் ஃபார்மில் சேர்ந்தபோது
கணக்கு எனக்கு வரவில்லை,
வரலாற்றில் இடமில்லை.
மிச்சம் இருந்தது சமூகவியல்.

"மறைந்து நின்று பாருங்கள்," என்றார் மிஸ்டர் லட்லம்.
"பார்ப்பது தெரிந்தால் மனிதர்கள் மாறிவிடுவார்கள்."
அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு,
தேர்வில் எழுதினால் இரண்டு மதிப்பெண்.
எங்கள் தெருவில் அதற்குப் பெயர் வேவு.
அம்மா திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கி
எதிர்வீட்டில் புது சோஃபா இறங்குவதைப் பார்ப்பாளே,
அதேதான்.
அவளுக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை.

நான் குறித்துவைத்தவை:
துறைமுகத்து ஆட்கள் 'ப்ளீஸ்' சொல்வதில்லை,
மீதிச் சில்லறையை மட்டும்
படகு மீட்புக்காரர் உண்டியலில் போடுகிறார்கள்.
கோட்டுப் போட்டவர் 'ப்ளீஸ்' இரண்டு முறை சொல்கிறார்,
சில்லறையை எண்ணி வாங்குகிறார்.
ஒரு சிப்ஸுக்கு மூன்று மரக்கரண்டி கேட்கும் பெண்
ஏன் என்று நான் கேட்டுவிடாதபடி
மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள்.
ஓரத்தில் 'வர்க்கம்' என்று எழுதினேன்.
பிறகு அடித்தேன்.
அவள் மழையை மட்டும் விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை, இரண்டாம் பாடவேளை.
ரோஸ்லிண்ட் காதோர்ன் எழுந்து வாசித்தாள்.
பல் மருத்துவர் மகள். தாளில் ஓர் அடித்தல் கிடையாது.

"இடம்: மீன் வறுவல் கடை.
பணியாளர் பெண், வயது ஏறத்தாழ பதினேழு.
கோட்டு அணிந்தவர் வந்தால்
சொல்லின் கடைசி எழுத்தை உச்சரிக்கிறாள்.
மற்றவர்களிடம் விழுங்கிவிடுகிறாள்.
குரல்கள் இரண்டு.
அவளுக்கு இது தெரியுமா என்பது தெரியவில்லை."

வகுப்பில் இருபத்திரண்டு பேர்.
ஒருவரும் திரும்பவில்லை.
என் காது மட்டும் கொதி எண்ணெயில் விழுந்த மாவாகச்
சடசடத்தது.
பெயரை எடுத்துவிட்டால்
நான் இவ்வளவு சின்னவளா?

கையைத் தூக்கினேன்.
"எத்தனை நாள் நின்று பார்த்தாய்?
மாதிரி ஒன்றுதானே?"
கேட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன்,
ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும்
துடைத்து வைத்த தட்டுப்போல் வந்திருந்தது.
அவளும் கவனித்தாள். பேனா அசைந்தது.

"நல்ல கேள்வி, கெரிஸ்," என்றார் மிஸ்டர் லட்லம்.

என் முறை வந்தபோது
பதினான்காம் பக்கத்தை நான் வாசிக்கவில்லை.
அதில் இருந்தது:
பெண், பதினேழு. தோல் பை.
ஆறு வெள்ளியாகத் தனியே வருகிறாள்.
சின்ன சிப்ஸ் வாங்குகிறாள், தின்பதில்லை.
பேருந்து நிறுத்தத்தில் கடற்காகங்களுக்குப் போடுகிறாள்,
ஒவ்வொன்றாக,
மூன்று பேருந்து போகும்வரை.
'கருதுகோள்' என்ற தலைப்புக்குக் கீழே
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இந்த வெள்ளியும் வந்தாள்.
அவளுக்கு முன்னால் ஒரு கோட்டு.
எந்தக் குரலை எடுப்பது என்று நாக்கு திணறியது,
தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவைத்தேன்.

"சின்ன சிப்ஸ்."
"உப்பு, வினிகர்?"
கேட்டது எந்தக் குரல் என்று எனக்கே பிடிபடவில்லை.
அள்ளியதென்னவோ பெரிய சிப்ஸின் அளவு.
மேலே கொஞ்சம் மாவுத்தூள்,
எங்கள் கடையில் அதற்குக் காசில்லை.
மரக்கரண்டி இரண்டு வைத்தேன்.

கரண்டிகளைப் பார்த்தாள்.
என் நோட்டு என் பாக்கெட்டில்,
அவளுடையது அவள் பையில்.

"எத்தனை மணிக்கு முடியும்?"
"ஒன்பது. அதற்குள் ஆறிவிடும்."
"பரவால்ல," என்றாள்,
பாதி எழுத்தை விழுங்கி.

பின்னால் நின்றவர் இருமினார்.
காட் மீன் இரண்டு, பட்டாணி ஒன்று.