ஏழாம் நம்பர் மலை

கதவுக்குக் கீழே கிடந்தது,
சீ.ஆர். கொப்பியில் கிழித்த தாள்.
திங்கட்கிழமை என்று இருந்தது.
என்ன செய்வோம் என்றும் இருந்தது.
அதை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை.

மஸ்கெலியாவிலிருந்து பொலிஸ் வந்தது, ஒரு நாயோடு.
நாய் ஆறு வகுப்பறையும் மோந்தது.
சாப்பாட்டு அறையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றது.
பருப்பு வாசம் என்றார் அதிகாரி.
யாரும் சிரிக்கவில்லை.

பெற்றோருக்கு எழுதும் வேலையை
ஞாயிறு இரவு அதிபர் என்னிடம் தந்தார்.
'பயப்பட ஒன்றுமில்லை' என்று தொடங்கினேன்.
வெட்டினேன்.
'சகல நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டுள்ளன.'
எடுத்தது யார்?
நாலு பொலிசும் ஒரு நாயும்
காவல்காரர் அந்தோணிமுத்துவின் டோர்ச்சும்.
வெட்டினேன்.
கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:
'அறுந்த வேலிக்குக் கம்பி கட்டியாயிற்று.
பின்கேட் பூட்டியிருக்கும்.
முன்கேட்டில் நான் நிற்பேன்.
பிள்ளையை அனுப்புவது உங்கள் விருப்பம்.
வராத பிள்ளையை யாரும் ஏசமாட்டோம்.'

திங்கள்.
நூற்றுப் பதினான்கில் முப்பத்தொன்பது.
பை சோதிக்கச் சொல்லி உத்தரவு.
கையை விட்டேன்: ரொட்டி,
சம்பல் எண்ணெய் ஊறிய கணக்குக் கொப்பி,
தீர்ந்துபோன பற்றரி இரண்டு ('வண்டி செய்ய, டீச்சர்').
இரண்டாம் ஆண்டு சதுர்சிகா
நான் கேட்காமலே
சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினாள்.
ஒன்றுமில்லாத அந்த வெள்ளைத் துணி
நாக்குப் போலத் தொங்கியது.
அதை உள்ளே தள்ளிவிடக்கூட
எனக்கு உடனே தோன்றவில்லை.

தாய்மார் கேட்டை விட்டு நகரவில்லை.
பிரட்டு முடிந்து அரைமணி ஆகிறது.
'பேரு போனாப் போகுது' என்றாள் தங்கேஸ்வரி,
கூடையை என் காலடியில் வைத்துவிட்டு.
கங்காணி வந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
பள்ளிக்கூடத்துக்கு மேலே ஏழாம் நம்பர் மலை.
நாலு நாளைக்கு முன்தான் எடுத்தது, கொழுந்தே இல்லை.
ஆனால் அங்கிருந்து பார்த்தால்
கூரை தெரியும், மைதானம் தெரியும்,
கக்கூஸுக்குப் போகிற பிள்ளைகூடத் தெரியும்.
'புல்லு கெடக்கு, போய்ப் புடுங்குங்க.
தொரைக்கிட்ட நான் பேசிக்கிறேன்.'

பாடத்துக்குப் பாடம் மணி அடிப்பதாகப் பேச்சு.
மணி கேட்டால்
எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.
அந்தோணிமுத்து தண்டவாளத் துண்டில் ஓங்கி அடித்தார்.
மலையில் படங்குச் சாக்குகள்
ஒரே நேரத்தில் நிமிர்ந்தன, பிறகு குனிந்தன.

மூன்றாம் பாடத்தில் மூடுபனி.
முதலில் மைதானம், பிறகு கேட்,
பிறகு ஏழாம் நம்பர் மலை முழுவதும்.
எங்களுக்கு அவர்கள் இல்லை,
அவர்களுக்கு நாங்கள் இல்லை.
மணி அடித்தது. பனிக்குள் அது
தகரத்தில் கரண்டி பட்டதுபோலச் செத்து விழுந்தது.
மேலே ஒரு குரல்: 'டீச்சரோய்!'
இன்னொன்று. பிறகு நிறைய.

வரவேடுகளைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினேன்,
பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி.
பெயர் கூப்பிட்டேன், தொண்டை கிழிய.
'இருக்கேன் டீச்சர்!'
'இருக்கேன் டீச்சர்!'
சதுர்சிகா இரண்டு தரம் கத்தினாள்.
பழக்கத்தில்,
வராதவர்களின் பெயரையும் வாசித்துவிட்டேன்.
'கிஷோபன்.'
விறாந்தையில் சத்தமில்லை.
வாயைப் பொத்திக்கொண்டேன்.
அப்போது பனிக்குள்ளிருந்து, மேலேயிருந்து,
'வீட்டுல இருக்கான் டீச்சர்!
தங்கச்சியோட!'
அடுத்த பெயர். அடுத்த பதில்.
கீழே ஒன்று, மேலே ஒன்று.
நூற்றுப் பதினான்கும் முடிய
பனி இன்னும் விலகியிருக்கவில்லை.

அன்று அவர்களுக்கு அரைப்பேர்தான் விழுந்தது.
தொரை கேட்ட கேள்விகளை
கங்காணி என்னிடம் சொல்லவில்லை.

செவ்வாய் எழுபத்திரண்டு பேர்.
எழுதியது யாரென்று இதுவரை தெரியாது.
கேட்டில் நிற்கிறேன்.
கிஷோபன் பையைத் திறந்து ஒரு தாளை நீட்டுகிறான்,
அதே சீ.ஆர். கொப்பித் தாள்.
கை நடுங்கத்தான் பிரித்தேன்.
அம்மா சொல்லச் சொல்ல அவனே எழுதியிருக்கிறான்,
புள்ளிகள் பாதி இல்லை.
'நேற்று மகன் வராததுக்குக் காரணம் பயம்.
இன்று கொஞ்சம் குறைவு.'