எட்டு நிமிடம்

பிரான்யால்தாவின் முதல் ஏற்றத்தில்
நான் நின்றுவிடுவேன்.
கஷ்கொட்டை மரத்தில் ஒரு கை.
தோள்பையில் மின்கட்டண ரசீதுகள், ஒரு திருமண அழைப்பு,
யாரோ ஒருவரின் ஓய்வூதியம்.
தொடை கல்லாகிவிட்டது.
நெஞ்சு, கதவைத் தட்டுகிற கடன்காரன்.
மாடு ஓட்டிப்போகும் ஒலாயா
இப்போதெல்லாம் ஏனென்று கேட்பதில்லை.

பள்ளியில் கேட்டார்கள்.
உடற்பயிற்சி ஆசிரியர் டான் கவுதென்சியோ
விசிலைக் கடித்தபடி சொன்னார்:
"எத்தெல்வினா, சோம்பலுக்கு ஓட்டம்தான் மருந்து.
இன்னும் நான்கு சுற்று."
அன்று மாலை என் சிறுநீர்
கறுப்புக் காப்பியின் நிறத்தில் போனது.
யாரிடமும் சொல்லவில்லை.
பதின்மூன்று வயதில்
எதைச் சொல்வது, எந்த வார்த்தையில்?

நாற்பத்தொன்றில், ஒவியேதோ மருத்துவமனையில்,
என் புஜத்திலிருந்து பருப்பளவு தசை கிள்ளிக்
கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தவள் கேட்டாள்:
"உங்கள் ஊரில் ஓர்ரேயோ உண்டா?"
உண்டு. கல்கால்கள்மேல் நிற்கும் மரக்குதிர்.
எலி ஏறாதபடி ஒவ்வொரு காலுக்கும் தட்டைக்கல் தொப்பி.

"ஒவ்வொரு தசைக்குள்ளும் அப்படி ஒன்று.
உள்ளே சர்க்கரை,
சரமாய்க் கோத்து, கிளைகிளையாய் அடுக்கி.
மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகமாகவே.
பூட்டைத் திறக்கும் நொதி மட்டும்
பிறவியிலேயே இல்லை."

நிறைந்த குதிரின் நிழலில்
நாற்பது வருடம் பட்டினி கிடந்திருக்கிறேன்.
சிரித்துவிட்டேன். அவள் பயந்துபோய்
தண்ணீர் கொண்டுவந்தாள்.

பிறகு வீட்டில் நானே படித்தேன்,
யார் யார் என்ன தின்கிறார்களென்று.
இதயத்துக்குக் கொழுப்பென்றால் பிரியம்.
பிறர் தசை எரித்துத் துப்பும் லாக்டேட்டையும் அது விடாது;
என் தசையிலிருந்துதான் ஒன்றும் வராது.
மூளை சர்க்கரை கேட்டு அடம்பிடிக்கும்.
பஞ்சம் நாட்கணக்கில் நீண்டால்
கல்லீரல் கொழுப்பைக் காய்ச்சித் தரும் கீட்டோனுக்கு இணங்கும்.
சிவப்பணுவை மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது.
உடல் முழுக்க ஆக்சிஜன் சுமந்து திரிகிறாள்,
தனக்கென்று ஒரு துளி எடுப்பதில்லை.
கொஞ்சம் சர்க்கரையில் காலம் தள்ளுகிறாள்.
தபால்காரி. பிறர் கடிதத்தைப் பிரிக்காதவள்.

கஷ்கொட்டை மரத்தடியில்
இப்போது ஐந்தாவது நிமிடம்.
முழுதாக நிற்கக் கூடாது.
அரையடி, அரையடியாய் நகர்கிறேன்.
கண்ணாடி முன் நான் திட்டிய இடுப்புக் கொழுப்பு
அங்கே கரைந்து இரத்தத்தில் இறங்கியிருக்கும்.
அவசரமே தெரியாத பாரவண்டி அது.
கல்லீரலும் தன் குதிரைத் திறந்திருக்கும்;
அதன் பூட்டு வேறு, சாவி வேறு.
தசைக்குள் அடுப்புகள் காத்திருக்கின்றன.
வந்த கொழுப்பை இரண்டிரண்டு கரியாய் நறுக்கும்,
மூச்சுக்காற்றை ஊற்றி எரிக்கும்.
எது எரிந்தாலும் கையில் விழும் சில்லறை ஒன்றுதான்,
ஏ.டி.பி.

ஏழு.

எட்டு.

தொடை அவிழ்கிறது.
நெஞ்சுக்குள் கடன்காரன் கிளம்பிப்போகிறான்.
இனி நான் நடப்பேன்,
மூச்சிரைக்கும் சுற்றுலாக்காரர்களை ஆப்பிள் தோட்டத்தருகே தாண்டி,
உச்சிவரை.

உச்சியில் கடைசி வீடு டான் கவுதென்சியோவுடையது.
பதிவுத்தபால், கையெழுத்து வேண்டும்.
சமையலறையிலிருந்து கோலூன்றி வருகிறார்.
மேசை பிடித்து நிற்கிறார். நாற்காலி பிடித்து நிற்கிறார்.
வாசலுக்கு வந்ததும் கடிகாரம் பார்க்கிறார்.
"தாமதம்."
"எட்டு நிமிடம்," என்றேன்,
பேனாவை நீட்டி.
அவர் விரல்கள் தாளைத் தேடின.
கவுதென்சியோவில் எத்தனை எழுத்துகள்!
முடியும்வரை நின்றேன்.
நிற்பது எனக்குப் பழக்கம்.